முப்பத்தாறு எழுத்து

பந்தலூர் பஜாரில் கரண்ட் இருந்தது, நெட் இல்லை.
தேவாலா பக்கம் மரம் விழுந்து கேபிள் அறுந்ததாம்.
வெட்டப் போனவர்கள்
யானை நிற்கிறதென்று திரும்பிவிட்டார்களாம்.
கடைக்குள் ஈரக்குடையோடு யோகராசன்,
கையில் பிளாஸ்டிக் உறைக்குள் அவன் அப்பா,
ரேஷன் கார்டுக்கு எடுத்த படம்.
"காலையில எடுத்துருவோம்ண்ணே.
ஏழு மணிக்குள்ள அம்பது போஸ்டர்."

கண்ணீர் அஞ்சலி என்று அடிக்க
என்னிடம் ஒரு மென்பொருள் உண்டு.
ஏழாயிரத்து எண்ணூறு, ஜி.எஸ்.டி. தனி.
கோயம்புத்தூர் போய் பில் போட்டு வாங்கியது.
வந்த அட்டைப்பெட்டியைக்கூட
பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.
போன செவ்வாய் இடி இறங்கி பழைய சிஸ்டம் கருகியது.
புதியதில் ஏற்றினால்
ஒரு 'க' அடிக்கும் முன்பே கேட்கிறது:
இணையத்தில் இணைந்து உங்களை உறுதிசெய்யவும்.

கூடலூர்ப் பையன் பென்டிரைவில் தந்த திருட்டுப் பிரதி
ஆறு வருசம் என்னோடு இருந்தது.
ஒருநாளும் நீ யார் என்று கேட்டதில்லை.

போனிலும் உறுதிசெய்யலாம் என்று
கீழே பொடி எழுத்து.
திரையில் வந்த முப்பத்தாறு எழுத்தையும்
கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒன்றின் முதுகில் எழுதி
வண்டியில் இருவரும் தண்ணித்தொட்டி மேட்டுக்கு ஏறினோம்.
அங்கேதான் இரண்டு கோடு சிக்னல்,
அதுவும் கேரளாவுடையது.

பத்தொன்பது நிமிடம் வீணை வாசித்தார்கள்.
பிறகு ஒரு பெண், "சொல்லுங்க சார்."
ஜி ஃபார் கூடலூர். பி ஃபார் பந்தலூர்.
ஓ, பூஜ்யமில்லைம்மா, ஓ ஃபார் ஊட்டி.
"டெல்லி டி-யா சார், டீத்தூள் டீ-யா?"
டீத்தூள்தான். இங்கே வேறென்ன.
கடைசி வரிக்கு வரும்போது தாள் ஊறி
மை ஒரு நீலக் குட்டையாகிவிட்டது.

டார்ச் பிடித்திருந்த யோகராசன்
மிச்சம் எட்டையும் பார்க்காமல் சொன்னான்.
"அப்பா பழக்கம்ண்ணே.
கப்பல்ல வந்தப்ப குடும்ப அட்டைன்னு ஒண்ணு.
அந்த நம்பரைச் சொன்னாத்தான் வீடு, சொன்னாத்தான்
டேன்டீயில வேலை.
நனைஞ்சிட்டா என்ன செய்யன்னு
எங்க எல்லாரையும் மனப்பாடம் பண்ண வச்சாரு.
இப்பவும் வரும்."
சொல்லிக் காட்டினான், மழையைப் பார்த்து.
"சார், அது என்ன நம்பர்?
எங்க சிஸ்டத்துல பொருந்தலையே."

அப்புறம்தான் அந்தப் பெண் சொன்னாள்:
"இந்த லைசென்ஸ் இன்னொரு கணினியில உயிரோட இருக்கு சார்.
முதல்ல அதைத் திறந்து விடுவிக்கணும்."
அது எரிஞ்சு போச்சும்மா.
"திறந்து, ஹெல்ப் மெனுவுக்குப் போயி..."
செத்துப் போச்சும்மா.
"ஆதாரம் ஏதாவது இருக்கா சார்?"
யோகராசன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.
எஸ்டேட் டாக்டர் கையெழுத்திட்ட தாள்.
அது வேறு சாவுக்கு.

மேலதிகாரியைக் கேட்டு வருவதாகப் போனாள். மறுபடி வீணை.
எதிர்ச்சரிவில், இருட்டுக்குள், ஏதோ கிளையை முறித்துத் தின்றது.
திரும்பி வந்தவள் ஒருமுறைதான் என்று சொல்லி
எண்களைத் தந்தாள்.
தாள் இல்லை, முன்கையில் எழுதிக்கொண்டேன்.

ஒன்றே முக்காலுக்கு,
"வாழ்த்துகள்!" என்றது திரை.
மூலையில் நாலு பலூன் பறந்தது.
அவசரமாக அதை மூடிவிட்டு
அமரர் சோலைமலை, டேன்டீ ஓய்வு, என்று அடித்தேன்.
அப்பாவின் கண்ணைக் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா என்றான்.
வெளிச்சம் மட்டும் கூட்டினேன்.

கீழே சின்னதாக ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது:
முப்பது நாளில் உங்கள் உரிமம் மீண்டும் சரிபார்க்கப்படும்.
போஸ்டரைச் சுருட்டிப் பையில் போட்டபடி
யோகராசன் கேட்டான்,
"முப்பத்தோராம் நாளுக்கும் ஒண்ணு அடிக்கணும்ண்ணே,
எப்ப வரட்டும்?"
ரெண்டு நாள் முன்னாடியே வந்துரு என்றேன்.